கண்ணாடிக்குள் போன எட்டு

என்னிடம் இதை முதலில் சொன்னது மீன்காரி ஸ்டெல்லா. பெரிய வியாழக்கிழமை, கோயிலில் பாதம் கழுவுகிற பூசை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பு தேடுகிற நேரம். என் காதோரம் வந்து, "எக்கா, அறிஞ்சியளா? காலேஜுல எட்டாம் நம்பருக்கு ரிட்டயர்மென்ட் குடுக்காங்களாம்" என்றாள்.

"நம்பருக்கு என்னட்டி வயசாச்சு?" என்று நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன் டீச்சர். எனக்கு விஷயம் தெரியாதே.

"சிரிக்காதிய. இனிமே ஒருத்தனும் அந்த நம்பரைப் போட்டு புட்பால் விளையாட முடியாதாம். கண்ணாடிப் பெட்டியில வச்சு, அடியில பித்தளையில பேரு வெட்டி, சுவத்துல மாட்டப் போறாங்க. வெளிநாட்டுல அப்படித்தானாம். பெரிய ஆட்டக்காரன் போட்ட நம்பரைப் பிறகு யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்."

"யாரு பேரை வெட்டுகாங்க?"

"உங்க பக்கத்து வீட்டு ரெக்ஸ்லின் பேருதான். வேற யாரு பேரை வெட்டுவாங்க?"

 வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் வேறு யாருடையதோ செருப்பு.

உட்காருங்க டீச்சர். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க. நீங்கள் காலேஜில் இருந்து கொண்டுவந்திருக்கிற பொதிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது பிரிக்க வேண்டாம். முதலில் சாயா குடிங்க. நீங்கள் ஜூலையில் வந்த புது பி.டி. டீச்சர். நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் வந்து நிற்கிறவர்களிடம் கோபப்பட்டால் அது பாவம். நான் யாரிடமும் கோபப்படுகிறவள் இல்லை. இந்தக் கரையில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேளுங்கள், இந்தச் செறுபுஷ்பம் எப்படி என்று. காலையில் ஒரு செபமாலை, சாயங்காலம் ஒரு செபமாலை. அந்த ரெக்ஸ்லினுக்காகக்கூட எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறேன். அவன் கால் ஒடிய வேண்டும் என்றெல்லாம் இல்லை, சேச்சே. அவனுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று.

அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் பெரிய வெள்ளி. வெயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்கால் போடுகிறேன், எனக்குக் கண்ணில் தெரிகிறது அந்த எட்டு மட்டும்தான். எட்டாம் ஸ்தலம் என்ன என்று உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை, தெரியாவிட்டால் சொல்கிறேன். அழுதுகொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்து ஆண்டவர் நின்று பேசுகிற இடம். பிள்ளைகளை நினைத்து அழச் சொல்கிற இடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையை நினைத்து அழு என்று, எட்டாவது இடத்தில், என்னைப் பார்த்தே சொல்கிற மாதிரி இருந்தது. அதற்கு மேல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அந்த எட்டு என் கையால் வெட்டின எட்டு டீச்சர். அதைச் சொல்ல வேண்டும்.

என் மூத்தவன் பெர்க்மான்ஸ் உங்கள் காலேஜில் படித்த காலத்தில் சட்டை மட்டும்தான் காலேஜ் கொடுக்கும். நீலச் சட்டை. நம்பரை அவரவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கின வெள்ளைத் துணி இரண்டு துவைப்பில் மஞ்சளாகிவிடும் என்று, அவன் புதுநன்மை வாங்கின சட்டையைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். டெரிகாட்டன், நல்ல கட்டியான துணி. சின்ன வயதில் அவன் முதல் முதலாக நற்கருணை வாங்கும்போது போட்ட சட்டை. வேறு எந்தத் தாயும் அதில் கத்திரி வைக்க மாட்டாள். நான் வைத்தேன். மேல் வட்டத்துக்கு டம்ளர், கீழ் வட்டத்துக்குக் கஞ்சிக் கிண்ணம். கவிழ்த்துக் கோடு போட்டு வெட்டினேன். அதைத்தான் மூன்று வருஷம் முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான். நான் கிரவுண்டுக்குப் போனால் பந்தைப் பார்க்க மாட்டேன். அந்த எட்டு எங்கே போகிறது என்று மட்டும்தான் பார்ப்பேன்.

எங்கள் கரைப் பையன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷத்துக்காரன் கடைசி ஆட்டம் முடிந்ததும் கிரவுண்டிலேயே சட்டையைக் கழற்றி, இதே கரைப் பையன் ஒருவனுக்குத் தலை வழியாகப் போட்டு விடுவான். வேர்வையோடு கொடுக்க வேண்டும். துவைத்துக் கொடுத்தால் ஆட்டம் போய்விடும் என்பார்கள். வாங்கின வீட்டில்தான் துவைக்க வேண்டும். சட்டை கிழிந்தால் நம்பரைப் பிரித்துப் புதுச் சட்டையில் தைப்பார்கள். பிறகு காலேஜிலேயே நம்பர் அச்சடித்த ஜெர்சி வந்தது. அப்போதும் எங்கள் பிள்ளைகள் அந்த அச்சின் மேல் இந்தத் துணியை வைத்துத்தான் தைத்துக்கொண்டார்கள். யார் போட்டாலும் தையல் என்னிடம்தான் வரும். "எட்டம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

பெர்க்மான்ஸ் கழற்றிப் போட்டது ரெக்ஸ்லின் தலையில். பக்கத்து வீடு. பிளேவியாவின் மகன். என் பிள்ளையின் வேர்வையை அந்த பிளேவியா துவைத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.

அந்த வருஷமே பெர்க்மான்ஸைச் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிற கேம்ப். அதற்குள் அவன் அப்பாவுக்குப் படகில் வலை இழுக்கிற வின்ச்சில் கை மாட்டிக்கொண்டது. எலும்பு நொறுங்கிப்போயிற்று. பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறான். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை டீச்சர். ஆண்டவர் சாட்சி. வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு தாய் அழக்கூடாதா? அவன் கொஞ்ச நேரம் நின்றான். பையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் அப்பாவின் வலையை எடுத்தான். அவன் இடத்துக்கு அடுத்த வண்டியில் போனது ரெக்ஸ்லின். பிளேவியா சோற்றுப் பொதி கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்ட் வரை போய்க் கைகாட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு அப்போது புருஷனே இல்லை, வீட்டில் வேறு ஆண்துணை இல்லை. ஆனாலும் அனுப்பினாளே, பாருங்கள் அந்தப் பேராசையை!

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் காலேஜில் கேட்டிருப்பீர்கள். ஸ்டேட் டீம், கொல்கத்தாவில் கிளப், பேப்பரில் போட்டோ. என் பிள்ளை பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருக்கிறான். ரெக்ஸ்லின் ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் இங்கேதான் வருவான். ஒரு பெட்டி கொல்கத்தா இனிப்பு வைத்துவிட்டு, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவான். குற்றமுள்ள மனசு. இனிப்பை நான் கோழிக்குப் போடுவேன். கோழி தின்னும்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை உங்கள் பிரின்சிபால் பாதர் டைட்டஸைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"பாதர், நான் படிச்சவ இல்ல. ஒரு சந்தேகம் கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"அந்தோணியார் புனிதரான பெறகு, இனிமே ஒரு பிள்ளைக்கும் அந்தோணின்னு பேரு வைக்கக்கூடாதுன்னு ரோமாபுரியில இருந்து உத்தரவு வந்ததா?"

அவர் சிரித்தார். "இல்லியே."

"நல்லவன் போட்ட பேரை நாலு பேருக்குப் போட்டாத்தான பாதர் அந்தப் பேரு நிலைக்கும்? இந்தக் கரையில எத்தனை அந்தோணி! ஒருத்தன் பெரிய ஆளாயிட்டான்னு பேரைப் பூட்டி வச்சா, அடுத்து வாற பிள்ளையளுக்கு எந்தப் பேரைப் போடுவிய? நம்பரும் அதுபோலத்தான?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார். "நல்லாச் சொன்னீங்கம்மா. ஆனா புனிதரோட எலும்பைக் கண்ணாடிப் பேழையில வச்சு நாம வணங்குகோமே? அதை யாரும் எடுத்து மாட்டிக்கிட்டு அலையுறதில்லையே?"

"அது செத்த பெறகுதான பாதர் வைப்பாங்க? ரெக்ஸ்லினும் சாகட்டும். வைங்க."

நான் ஒரு கெட்ட எண்ணமும் வைத்துச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்மா? நம்பரை எல்லாரும் போடணுமா?" என்று கேட்டார்.

"எல்லாரும் ஏன் போடணும்? கண்ணாடியில வைக்கதுன்னா வைங்க. பித்தளையில என் மகன் பேரை வெட்டுங்க. கண்ணாடியை நானே தினமும் வந்து துடைச்சுத் தாரேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அம்மா, இந்த யோசனையைச் சொன்னதே உங்க மகன்தான். பழைய மாணவர் குரூப்புல. ரெக்ஸ்லின் பேர்ல வைக்கணும்னு பெர்க்மான்ஸ்தான் முதல்ல எழுதினான்."

பாதர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கு யாராவது பொய் சொல்லியிருக்கலாம் இல்லையா? அன்று சாயங்காலமே மகள் ஜெசிந்தாவைக் கொண்டு பஹ்ரைனுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்கிறான். சிரிக்கிறான் வேறு. "அவன் கொல்கத்தாவுல ஆடுறதை நாங்க போட்டுல எல்லாரும் போன்ல பாப்போம். நம்ம எட்டு ஓடுதுலேன்னு சத்தம் போடுவேன். எனக்கு அது போதும்மா."

"உனக்குப் போதும்னா எனக்குப் போதுமாலே?"

"உனக்கு என்னம்மா வேணும்?"

இந்தக் கேள்வியை எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். பாருங்க டீச்சர், எவ்வளவு வெள்ளை மனசு. தன் இடத்தைப் பறித்தவனுக்குத் தானே மகுடம் செய்து வைக்கச் சொல்கிறான். அப்படியே என்னைப் போல. மனதில் ஒரு துளி வஞ்சம் கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளைக்காக யாராவது கொஞ்சம் வஞ்சம் வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

விழா ஜூன் மாதம், காலேஜ் திறந்த பிறகு என்று முடிவாயிற்று. நான் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் குருசடிக் கோயிலுக்குப் போனேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் தீங்கு கேட்கவில்லை. மழை கேட்டேன். அந்த ஒரு நாள், பந்தல் பிய்ந்து போகிற மாதிரி, செண்டை மேளத்தின் தோல் நனைந்து தொங்குகிற மாதிரி, ஒரு மழை. ஜூன் மாதத்தில் மழை கேட்பது பெரிய காரியமா? நம் கரையில் அது கேட்காமலே வருகிறது. வாய்விட்டுக் கேட்டதை ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

"அம்மா, நீ சாமிகிட்ட வேண்டுதியா, இல்ல சாமியை அவங்க மேல ஏவி விடுதியா?"

"வாயை மூடு. மழை ஆண்டவரோட கிருபை."

"ஆமா, ரெக்ஸ்லின் தலையில மட்டும் கொட்டுற கிருபை."

கட்டிக்கொடுத்த மகள் ஊருக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வாய் வளர்க்கக்கூடாது.

விழாவுக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் மதியம் பிளேவியா வந்தாள். கையில் ஒரு புது நீலச் சட்டை, அதன் மேல் மடித்து வைத்த அந்த எட்டு. பாதர் போன வருஷத்துப் பையனிடம் இருந்து பிரித்து வாங்கியிருக்கிறார். இந்த வருஷத்துப் பையனுக்கு வேறு நம்பராம். துணி கசங்கிப்போயிருந்தது டீச்சர். எத்தனை முதுகைப் பார்த்த துணி. ஓரமெல்லாம் ஊசி போட்ட துளை.

"எக்கா, கண்ணாடியில வைக்கதுக்குப் புதுச் சட்டையில தைச்சுத் தரணுமாம். டவுனுல மிஷின்ல குடுக்கேன்னு பாதர் சொன்னாரு. ரெக்ஸ்லின்தான் விடல்ல. எட்டம்மா கைத்தையல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

"அதுக்கென்ன பிளேவியா. வச்சிட்டுப் போ."

"உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லியே எக்கா?"

"என் மனசுல என்ன இருக்கு? செபம்தான் இருக்கு."

அவள் கொஞ்சம் நின்றாள். அவளும் தையல்காரிதான். சின்ன வயதில் ஒரே கன்னியர் மடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தையல் படித்தவர்கள் நாங்கள். என் கையையே பார்த்துவிட்டு, "நீங்க தைச்சா சட்டை கிழியும், தையல் கிழியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பாராட்டு என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது பரிகாசமாகப் பட்டது.

உங்களுக்குத் தையல் தெரியுமோ தெரியாதோ. ஒரு துணியை நிரந்தரமாகத் தைக்கும் முன்னால் இடம் விலகாமல் இருக்கப் பெரிது பெரிதாக இழையோட்டம் போடுவார்கள். முடிச்சு இருக்காது. வேலை முடிந்ததும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்த இழையும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்தத் தையல்தான் நான் போட்டேன். செபமாலையில் துக்க தேவ இரகசியம் சொல்லிக்கொண்டே போட்டேன். ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஊசி. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது தப்பா? தைத்துக் கொடு என்றார்கள், தைத்தேன். எந்தத் தையல் என்று யாரும் கேட்கவில்லையே. மீதியை அந்தோணியாரிடம் விட்டுவிட்டேன்.

விழா அன்று மழை பெய்யவில்லை. அதற்கு முந்தின நாள் கொட்டியது. மறுநாளும் கொட்டியது. அன்றைக்கு மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெயில். எனக்கு அந்தோணியார் மேலேயே வருத்தம் வந்துவிட்டது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், பிளேவியாவுக்குப் பக்கத்தில். அவள் பட்டுச் சேலை. நான் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை. காலேஜ் மண்டபச் சுவரில் கண்ணாடிப் பெட்டியை மாட்டி நீலத் திரை போட்டிருந்தார்கள். அதன் அடியிலேயே செண்டைக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். அவன்கள் அடித்த அடியில் என் நெஞ்சு அதிர்ந்தது. சுவரும் அதிர்ந்திருக்கும்.

மறைமாவட்டத்தில் இருந்து வந்த பெரிய சாமியார் கயிறைப் பிடித்து இழுத்தார். திரை பாதி வரை வந்து சிக்கிக்கொண்டது. இன்னும் வேகமாக இழுத்தார். பெட்டி ஆடியது. திரை விலகியது. எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் டீச்சர், எல்லார் கண் முன்னாலும், அந்த எட்டு மெல்லச் சாய்ந்தது. ஒரு பக்கம் இழை விட்டது. தலைகுனிகிற மாதிரி முன்னால் வந்தது. சரசரவென்று கண்ணாடிக்குள்ளேயே இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே வெறும் நீலச் சட்டை. கீழே பித்தளையில் ரெக்ஸ்லின் பேர்.

கைதட்டல் நின்றுவிட்டது. பின்னால் இருந்து ஒருத்தன், "லேய், எட்டு அவுட்டுலே! மாத்து ஆளை இறக்குங்கலே!" என்று கத்தினான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பெரிய சாமியார்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். மழையைத் தராமல் இதைத் தரத்தான் அவர் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை. போன ஈஸ்டருக்குக்கூட வரவில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் நான் இன்று உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். எழுந்தானே அவன்!

ரெக்ஸ்லின் மேடையில் இருந்து இறங்கி வந்து பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்தான். மைக்கைக் கேட்டான். ஆட்டக்காரனுக்கு எதற்கு மைக்?

"பாதர், இதைத் திரும்ப ஒட்டாண்டாம்" என்றான். "இது எனக்க நம்பர் இல்ல. இது பெர்க்மான் அண்ணனுக்க புதுநன்மைச் சட்டை. எட்டம்மா வெட்டித் தைச்சது. அண்ணன் இதை எனக்குப் போட்டுவிடும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். லேய் மக்கா, உனக்க ஆட்டம் முடிஞ்சா அடுத்தவனுக்குக் குடுத்திரணும்னார். நான் குடுத்தேன். அவன் அடுத்தவனுக்குக் குடுத்தான். நம்மதான் பிடுங்கிக் கண்ணாடிக்குள்ள போட்டோம். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல, அண்ணன் ஆசைப்பட்டதுன்னு. இப்போ அதுவே இறங்கி வந்துட்டு."

பிறகு பேச முடியாமல் அழுதான். அவ்வளவுதான். மண்டபம் எழுந்து நின்று தட்டியது டீச்சர். திரை விலகினபோது தட்டினார்களே, அது ஒன்றும் இல்லை. இது கூரை பிளக்கிற தட்டு. செண்டைக்காரன் வேறு சேர்ந்து அடிக்கிறான். பெரிய சாமியார் கட்டிப்பிடிக்கிறார். பேப்பர்காரன் போட்டோ எடுக்கிறான். நான் போட்ட இழையில் அவன் மாலை கட்டிப் போட்டுக்கொண்டான்! இப்படி ஒரு சாமர்த்தியம் உண்டா? பெர்க்மான்ஸின் இடத்தை எடுத்தான், பேரை எடுத்தான். கடைசியில் நான் ஆசையாகச் செய்ததையும் எடுத்துக்கொண்டான்.

பிளேவியா என்ன செய்தாள் தெரியுமா? சனங்கள் மேடைக்குப் போகிற நெரிசலில் அவளும் பெட்டி வரை போய்வந்தாள். வந்து என் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் எதையோ வைத்து என் விரல்களை மூடினாள். நூல். நீளமான வெள்ளை நூல், முடிச்சு இல்லாதது. என் முகத்தைப் பார்த்து, "பழைய நூலு, இத்துப் போயிருக்கும் எக்கா. வாங்க, வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போவோம்" என்றாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அவ்வளவு கர்வம்! திட்டினால்தான் என்ன? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி எங்கள் கணக்கை முடித்திருப்பேன். அவள் முடிக்க விடவில்லை.

இப்போது உங்கள் பொதிக்கு வருகிறேன். பிரிக்க வேண்டாம் என்றேனே, நானே சொல்கிறேன். உள்ளே இருப்பது ஜெர்சியும் அந்த எட்டும். கண்ணாடி வேண்டாம் என்று பாதர் முடிவு செய்துவிட்டார். பழையபடி பையன்கள் போட்டு விளையாடட்டும், எட்டம்மாவிடம் தைத்து வாங்கி வாருங்கள் என்று உங்களை அனுப்பியிருக்கிறார். சரிதானே? ஸ்டெல்லா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் படித்தவர், பதில் சொல்லுங்கள். ரெக்ஸ்லின் பேரில் இருந்த வரைக்கும் அதற்குக் கண்ணாடி, பித்தளை, செண்டை எல்லாம் வேண்டியிருந்தது. இது பெர்க்மான்ஸின் சட்டைத்துணி என்று ஊருக்குத் தெரிந்தவுடன் கண்ணாடி வேண்டாம், சேற்றில் உருளட்டும் என்கிறார்கள். என் பிள்ளையுடையது என்றால் சேறுதானா? நல்ல நியாயம் இது! நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தோணிக் கதையைப் பாதரிடம் சொன்னது நான்தானே என்று நினைக்கிறீர்கள். அது வேறு, இது வேறு. உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும்.

தைக்க மாட்டேன் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பத்தான் காலையில் நினைத்தேன். நீங்கள் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் அதைத்தான் நினைத்தேன். இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு தோன்றுகிறது. ரெக்ஸ்லின் ஆட்டத்தை விட்டு ஊருக்கே வரப்போகிறான், உங்கள் காலேஜில் கோச்சாக என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே என் எட்டு ஓடும். வருஷத்துக்கு ஒரு புது முதுகில் ஓடும். அவன் கிழவனாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். அவனால் போட முடியாது. நான் கிரவுண்டில் பார்த்தேனே அத்தனை வருஷம், அதுபோல அவனும் பந்தை விட்டுவிட்டு அதையே பார்க்கட்டும். அதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன இருக்கிறது?

ஆகவே தைக்கிறேன். இந்தத் தடவை ரெட்டை நூல். சுற்றிலும் நெருக்கித் தையல், மூலைக்கு மூலை முடிச்சு, நூலுக்கு மெழுகு. செண்டை அடித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, சட்டைதான் கிழியும். தையலைப் பிளேவியா திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு குறை கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்.

சாயாவைக் கீழே வையுங்கள். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இந்த ஊசியில் கொஞ்சம் நூல் கோத்துத் தாங்க மக்களே.